தங்கப் பதக்கத்தில் இருப்பது ஒடினா, ஒடினின் ஆளா?

வாசகர் கேள்வி, 4 பெப்ரவரி 2024

ஐந்தாம் நூற்றாண்டு ஸ்கண்டிநேவியத் தங்கப் பதக்கங்களில் ஒரு குதிரையும் அதற்கு மேல் ஒரு பெரிய தலையும் இருக்கிறதே, அது வடநாட்டுப் பழங்கடவுள் ஒடின்தான் என்று எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறார்கள். இப்போது டென்மார்க்கில் ஒடின் பெயரே எழுதிய பதக்கம் கிடைத்துவிட்டதாம். அத்தோடு விஷயம் முடிந்ததுதானே? இன்னும் என்ன சண்டை?

4 பெப்ரவரி, இரவு

எங்கே முடிந்தது? இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது.

நீங்கள் சொல்வது விண்டெலெவ் புதையலில் வந்த பதக்கம். டென்மார்க்கின் ஜட்லண்டில் யெல்லிங்குக்குக் கிட்ட ஒரு வயலில், 2020 டிசம்பரில், மெட்டல் டிடெக்டரோடு அப்போதுதான் பழகத் தொடங்கியிருந்த ஒருவருக்கு அகப்பட்டது. அதிலுள்ள ரூனிக் எழுத்தை, அதாவது வடநாட்டாரின் பழைய எழுத்தை, ஆய்வாளர்கள் லிஸ்பெத் இமர், கிறிஸ்டர் வாஸ்ஹூஸ் இருவரும் படித்துச் சொன்னதை 2023 மார்ச்சில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் வெளியிட்டது. ஒடினின் பெயர் எழுத்தில் வரும் மிகப் பழைய இடம் இதுதான். அதுவரை முதலிடத்தில் இருந்தது ஜெர்மனியின் நோர்டென்டோர்ஃபில் கிடைத்த ஆடை ஊசி. விண்டெலெவ் அதைவிட ஏறக்குறைய 150 ஆண்டு முந்தியது. இதுவரை எல்லாம் சரி.

ஆனால் அந்த வரி "இவர் ஒடின்" என்று சொல்லவில்லை. "அவன் ஒடினின் ஆள்" என்கிறது.

படத்தில் குதிரையும் ஒரே ஒரு தலையும்தான். "அவன்" அந்தத் தலைதான் என்றால், அது ஒடின் இல்லை, ஒடினைச் சேர்ந்த யாரோ ஒரு மனிதன். ஒடின் கட்சிக்காரர்கள் கொண்டாடிய சாட்சி எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

5 பெப்ரவரி

பொருளைப் பார்க்காமல் சண்டை போட முடியாது, அதனால் முதலில் பொருள். இவற்றுக்குப் பொதுப் பெயர் பிராக்டியேட். மெல்லிய தங்கத் தகடு, ஒரு பக்கம் மட்டும் படம், சுற்றி முத்துக்கம்பி, மேலே கோக்க ஒரு வளையம். காலம் சுமாராக 450 முதல் 550 வரை. சில அதற்குக் கொஞ்சம் முன்னேயும் போகும், விண்டெலெவ் அப்படித்தான். டென்மார்க், தெற்கு ஸ்வீடன், நோர்வே, வட ஜெர்மனி, இங்கிலாந்தின் கென்ட் என்று ஆயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். நெட்டில் பெரிதாக்கிய படத்தைப் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போனால் ஏமாந்துபோவீர்கள். சட்டைப் பொத்தான் அளவில் கிடக்கும். விதிவிலக்கும் உண்டு: ஸ்வீடனின் ஆசும் பதக்கம் 12 சென்டிமீட்டருக்கு மேல், விண்டெலெவிலும் சாசர் அளவில் சில.

ஏ, பி, சி, டி என்று வகை பிரித்தது ஸ்வீடன்காரர் ஒஸ்கார் மொண்டேலியஸ், 1869இல். ஏ வகையில் தனித் தலை. பி வகையில் முழு உருவ மனிதர்கள், ஒன்றிலிருந்து மூன்று பேர் வரை. சி வகையில் நாற்கால் மிருகத்துக்கு மேல் தலை. டி வகையில் பின்னிப் பிணைந்த மிருகம் மட்டும். நாம் சண்டை போடுவது சி வகைக்கு. அதிகம் கிடைப்பதும் அதுதான்.

ஒரு சி பதக்கத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். தலை பக்கவாட்டில். கண் வட்டமாக, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு. தலைமுடி பின்னியதுபோல் பின்னால் ஓடி, கடைசியில் ஒரு சுருளாகவோ சிலவற்றில் ஒரு பறவைத் தலையாகவோ முடியும். கழுத்தும் இல்லை, உடலும் இல்லை. தலை நேராக மிருகத்தின் முதுகில் உட்கார்ந்திருக்கும். மிருகத்தின் முன்னங்கால் மடங்கியிருக்கும். பல பதக்கங்களில் அதற்குக் கொம்பு உண்டு. தாடியும் உண்டு. மிச்ச இடத்தில் ஒரு பறவை, ஸ்வஸ்திகம், புள்ளிவட்டங்கள், சிலவற்றில் எழுத்து.

கொம்பும் தாடியும் என்றதும் ஆடா என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், பலர் கேட்டிருக்கிறார்கள்.

9 பெப்ரவரி

ஒடின் வாதத்தின் மூலபுருஷர் கார்ல் ஹௌக். மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த வரலாற்றாசிரியர், 2007இல் காலமானார். எல்லாப் பதக்கங்களுக்கும் எண் கொடுத்துக் கோட்டுப்படத்தோடு பட்டியல் போட்டது அவர் தலைமையிலான குழு, 1985 முதல் 1989 வரை. அவரோடு ஒத்துப்போகாதவர்களும் அவர் பட்டியலைத் திறக்காமல் ஒரு வரி எழுத முடியாது. அந்த மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன்.

அவர் சொன்னது இது. மடங்கிய கால் என்பது காலில் காயம். தலையின் வாய் பல பதக்கங்களில் குதிரையின் காதுக்கு மிக அருகே வருகிறது, சிலவற்றில் வாயிலிருந்து கோடு புறப்படுகிறது. ஆகவே கடவுள் குதிரையின் காதில் மூச்சு ஊதி வைத்தியம் செய்கிறார். எந்தக் கடவுள், எந்தக் குதிரை என்பதற்கு அவர் பிடித்தது மெர்செபுர்க் மந்திரம்.

அது ஜெர்மனியில் மெர்செபுர்க் பேராலய நூலகத்தில் 1841இல் கண்டெடுத்த கையெழுத்துப் படி. எழுதியது பத்தாம் நூற்றாண்டில். யாக்கோப் கிரிம் அடுத்த ஆண்டே அச்சிட்டார். ஆமாம், சிறுவர் கதை கிரிம் சகோதரர்களில் மூத்தவர்தான். கதை சின்னது: ஃபோலும் வோடனும் காட்டுக்குப் போகிறார்கள், பால்டர் என்ற கடவுளின் குதிரைக்குக் கால் சுளுக்கிக்கொள்கிறது. பெண் தெய்வங்கள் ஓதிப் பார்க்கிறார்கள். கடைசியில் வோடன் ஓதுகிறான். "எலும்போடு எலும்பு, குருதியோடு குருதி, மூட்டோடு மூட்டு, ஒட்டினதுபோல் ஒட்டட்டும்." வோடன்தான் வடக்கே ஒடின்.

படத்துக்கும் பாட்டுக்கும் பொருத்தம் அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. பதக்கம் ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டு, மந்திரம் எழுதியது பத்தாம் நூற்றாண்டு. பதக்கம் டென்மார்க், மந்திரம் ஜெர்மனி. ஒடினைப் பற்றி நாம் கதை கதையாகச் சொல்வதில் பெரும்பகுதி ஐஸ்லாந்தில் 1220 வாக்கில் ஸ்னோரி ஸ்டுர்லுசோன் எழுதியதிலிருந்து. அது பதக்கத்துக்கு 700 ஆண்டு பிந்தியது, எழுதியவர் கிறிஸ்தவர்.

10 பெப்ரவரி

சென்னை நண்பர் கேட்கிறார்: "வாய்வழியாக வந்தது பிந்தி எழுதப்பட்டிருக்கலாமே? எழுதிய தேதியா பிறந்த தேதி?"

நியாயம். இந்த மந்திரத்துக்கு நம் நாட்டுப் பக்கமே ஒரு உறவு உண்டு. அதர்வவேதம் 4ஆம் காண்டம் 12ஆம் சூக்தம் எலும்பு முறிவுக்கானது: மஜ்ஜையோடு மஜ்ஜை சேரட்டும், தோலோடு தோல் வளரட்டும் என்று போகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியவர் அடால்பெர்ட் கூன், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே. ஒரே மூலத்திலிருந்து வந்ததா, எலும்பு முறிந்தவனைப் பார்த்தால் எந்த ஊரிலும் இப்படித்தான் சொல்ல வருமா என்பது தனிச் சண்டை. எப்படியானாலும் மந்திர வாய்பாடு நெடுங்காலம் உயிரோடு இருக்கக்கூடியது. அந்த அளவுக்கு, நேற்றுப் போட்ட ஆண்டுக் கணக்கின் இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்கிறேன்.

ஆனால் அதர்வவேதப் பாட்டில் வோடனும் இல்லை, பால்டரும் இல்லை. வாய்பாடுதான் நிற்கிறது, கதாபாத்திரங்கள் மாறுகிறார்கள். அப்படியென்றால் மந்திரம் பழையது என்பதை வைத்து, பதக்கத்தில் இருப்பது வோடன் என்று எப்படி நிறுவுவது?

10 பெப்ரவரி, பிறகு

ஆடு விவகாரம். கொம்பு, தாடி, பிளந்த குளம்பு என்று இருப்பதால் இது இடிக் கடவுள் தோரின் தேரை இழுக்கும் ஆடு என்று ஒரு தரப்பு. இல்லை, சடங்குக்காகக் கொம்பு கட்டிய குதிரை என்று ஹௌக் தரப்பு. எனக்கு இரண்டிலும் ஒட்டவில்லை. அச்சு வெட்டியவன் பார்த்தது உயிருள்ள மிருகத்தை அல்ல, இன்னொருவன் வெட்டிய மிருகத்தை. அவனும் இன்னொருவனுடையதைப் பார்த்திருப்பான். காப்பிக்குக் காப்பி எடுக்கும்போது காது நீண்டு கொம்பாவதும் கடிவாள வார் தொங்கித் தாடியாவதும் நடக்கும். எல்லாப் பதக்கத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. சிலவற்றில் கொம்பு சந்தேகமில்லாமல் கொம்புதான், வேண்டும் என்றே வைத்தது.

13 பெப்ரவரி

இனி என் கட்சி. முதலில் கேட்க வேண்டியது "இது எந்தக் கடவுள்" என்பதல்ல. அச்சு வெட்டியவன் கண்முன் என்ன இருந்தது என்பது.

இருந்தது ரோமக் காசு. ஏ வகையில் இது ஒளிவு மறைவே இல்லை. பேரரசரின் பக்கவாட்டு முகம், முத்துப் பட்டம், தோளில் ஊசி குத்திய போர்வை, சுற்றி எழுத்து. எழுத்துத் தெரியாதவன் வெட்டியதில் லத்தீன் எழுத்து கம்பி கம்பியாக நிற்கும். பேரரசரின் பட்டத்தை முடிச்சுப் போட்டுப் பின்கழுத்தில் தொங்கவிடும் இரண்டு நாடாக்களைக் கவனியுங்கள். அச்சுக்கு அச்சு அவை வளைந்து, முடியோடு சேர்ந்து, சி வகைக்கு வரும்போது பறவைத் தலையாகிவிடுகின்றன. நான் முன்பு சொன்ன பறவைத் தலைச் சுருள் பிறந்தது அங்கே. ஒடினின் காகம் என்று அதைக் காட்டுபவர்கள் நாடாவில் தொடங்க வேண்டும்.

தலைக்குக் கீழே குதிரை எப்படி வந்தது? இங்கேதான் இங்கிலாந்தின் அன்ட்லி பதக்கம் கைகொடுக்கிறது. 1982இல் சஃபக்கில் கிடைத்தது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். அதில் தலைக்கவசம் போட்ட தாடிக்காரத் தலை ஒன்று, அதற்குக் கீழே இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய். பேரரசர் கொன்ஸ்டன்டைன் 330 முதல் அடித்த ரோமாபுரிக் காசை எடுத்தால் முன்பக்கம் தலைக்கவசம் போட்ட ரோமா தேவி, பின்பக்கம் ஓநாயும் இரட்டைக் குழந்தைகளும். பதக்கத்துக்கு ஒரு பக்கம்தான் உண்டு. அதனால் காசின் இரண்டு பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டான். தேவிக்குத் தாடி முளைத்தது தனிக் கதை.

ஒரு பக்கம் பேரரசர் முகமும் மறுபக்கம் குதிரையேறி வரும் பேரரசருமாக ரோமப் பதக்கங்கள் அடிக்கப்பட்டன, அவை வடக்கேயும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அன்ட்லிக்காரன் செய்ததையே இதிலும் செய்தால் குதிரைக்கு மேல் தலை வந்துவிடும்.

எங்கள் பக்கம், யாழ்ப்பாணத்தில், பழைய தாலிக்கொடிகளில் பவுண் காசு கோத்திருப்பார்கள். அம்மம்மாவின் கொடியில் இருந்தது ஐந்தாம் ஜோர்ஜ் காசு. ஒரு பக்கம் ராசாவின் மொட்டைக் கழுத்துத் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒருவர், காலடியில் பறவைநாகம். யாராவது ஒரு தட்டார் இரண்டையும் ஒரே தகட்டில் அடித்திருந்தால், 1500 வருடம் கழித்து ஒரு பேராசிரியர் இது கல்கி அவதாரம் என்று நான்கு பாகம் எழுதியிருப்பார். அம்மம்மாவுக்கு ராசா பெயரும் தெரியாது, குதிரைக்காரர் பெயரும் தெரியாது. காசு நல்ல காசு என்று தெரியும், அது கழுத்தில் இருப்பது மங்கலம் என்றும் தெரியும்.

14 பெப்ரவரி

"அப்போ அர்த்தமே இல்லாத அலங்காரம் என்கிறீர்களா" என்று இரண்டு பேர் பாய்ந்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. அர்த்தம் பிற்பாடு வந்து குடியேறும். பேரரசர் முகம் தங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் முகமாக மாறியிருக்கிறது, இல்லாவிட்டால் நூறு வருடம் விடாமல் அடித்திருக்க மாட்டார்கள். ஸ்வஸ்திகமும் பறவையும் ரோமக் காசிலிருந்து தானாக வந்து விழவில்லை, யாரோ முடிவு செய்து சேர்த்தது. அந்த யாரோ யார் என்பதுதான் கேள்வி.

15 பெப்ரவரி

செய்முறை பற்றிக் கேட்டவருக்கு. சின்ன வயதில் மாமாவின் பட்டறையில் ஊதுகுழல் எடுத்துக்கொடுத்துத் திரிந்தவன் என்பதால் எனக்கு இதில் ருசி அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கத்துக்குப் பஞ்சமில்லை. ரோமச் சொலிடஸ் காசு ஒன்று நாலரை கிராம். கூலியாக, கப்பமாக, பணயப் பணமாக வடக்கே போனது கணக்கில்லாமல். அதை உருக்கித் தட்டித் தகடாக்கி, உலோக அச்சில் வைத்து அழுத்தி உருவம் எடுப்பார்கள். விளிம்புக்கு முத்துக்கம்பி, மேலே வளையம், இரண்டையும் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். பெரிய பதக்கமென்றால் படத்துக்கு வெளியே சின்ன முத்திரைகளால் வட்டம் வட்டமாகக் குத்து. ஒரே அச்சில் வந்த பதக்கங்கள் வேறு வேறு ஊர்களில் கிடைப்பதும் உண்டு.

அச்சில் நேராக வெட்டிய எழுத்து தகட்டில் திரும்பி விழும். பல பதக்கங்களில் ரூனிக் எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்றும் கவனியுங்கள்: வெட்டியவனுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் கோடுகள் இடம் மாறும், ஒன்று குறையும், ஒன்று கூடும். ஒடினைக் கண்டுபிடித்த இருவரும் அந்த ஒரு வரியோடு ஒரு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியது சும்மா இல்லை.

18 பெப்ரவரி

யார் போட்டார்கள்? டென்மார்க்கில் பெரும்பாலும் கல்லறையில் இல்லை, புதைத்து வைத்த குவியலாகவே கிடைக்கின்றன. கல்லறையில் கிடைக்கும் இடங்களில், உதாரணமாகக் கென்டில், பெண்களின் கழுத்தில், கண்ணாடி மணிகளோடு. ஒடின் என்றதும் போர், ஈட்டி, மாண்ட வீரர்கள் போகும் வல்ஹல்லா என்று ஓடுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நான்சி விக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை விடாமல் சொல்லிவருகிறார்: போட்டவர்களைக் கேட்காமல் படத்துக்கு அர்த்தம் சொல்லாதீர்கள் என்று. வளையங்களின் உட்புறம் தேய்ந்திருப்பதையும் பார்க்கச் சொல்கிறார். நெடுநாள் போட்டுத் திரிந்த நகைகள் இவை.

இரண்டு சென்டிமீட்டர் பதக்கத்தில் வாய்க்கும் குதிரைக் காதுக்கும் நடுவே எத்தனை நூலிழை என்று எதிரே நிற்பவர்களுக்குத் தெரியவா போகிறது? பார்ப்பதற்கு என்பதைவிட உடம்போடு இருப்பதற்கு என்று செய்த மாதிரித்தான் படுகிறது. எழுத்துகளும் அதே பக்கம் சாய்கின்றன. அடிக்கடி வருவது "அலு", "லௌகஸ்". இரண்டாவது வெங்காயத் தாள் இனத்துப் பூண்டு, மருந்துச் செடி. முதலாவது ஏதோ காப்புச் சொல். டென்மார்க்கின் ஸ்க்ரூட்ஸ்ட்ருப் பதக்கத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

மருந்துப் பூண்டு என்றதும் ஹௌக் தரப்பு கைதட்டும். தட்டட்டும். வைத்தியம், காப்பு என்ற வரை நானும் அவர்களோடுதான். வைத்தியர் பெயர்ப்பலகை மாட்டும்போதுதான் பிரிகிறேன்.

19 பெப்ரவரி

நோர்வே நண்பரின் கேள்வி: "எதையுமே கடவுள் கதை என்று ஒப்புக்கொள்ள மாட்டீர்களா?"

மாட்டேன் என்று யார் சொன்னது. ஸ்வீடனின் ட்ரோல்ஹெட்டான் பதக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறான், அவன் கையை மிருகம் ஒன்று வாயில் கவ்வியிருக்கிறது. ஃபென்ரிர் ஓநாயைக் கட்டிப்போட டீர் கடவுள் பிணையாகக் கையை அதன் வாயில் வைத்து இழந்த கதை ஸ்னோரியிடம் இருக்கிறது. இது ரோமக் காசில் இல்லாத படம். யாரும் தற்செயலாக வெட்டக்கூடியதும் அல்ல. இதற்கு நான் பாதி மனதைத் தாண்டித் தலையாட்டுகிறேன்.

அதேபோல் மூன்று பேர் நிற்கும் பி பதக்கங்கள் சில உண்டு. டென்மார்க்கின் ஃபக்ஸே நல்ல உதாரணம். நடுவில் ஒருவர், ஒரு பக்கம் ஈட்டிக்காரர், மறுபக்கம் சிறகுள்ள உருவம். பால்டரின் சாவு, ஒடினும் சூழ்ச்சிக்கார லோக்கியும் கூட என்பது ஹௌக் படிப்பு. ஆனால் சிறகும் பாவாடையும் ரோமாபுரியின் வெற்றித் தேவியுடையவை, பேரரசருக்கு மாலை நீட்டும் தேவி. கையில் வளையம் இருக்கிறதே, அது அந்த மாலைதான். அவளைத்தான் லோக்கியாக்கிவிட்டார்கள். நடுவே நிற்பவனின் உடம்பில் குத்தியிருப்பதுபோல் தெரியும் கிளை பால்டரைக் கொன்ற புல்லுருவிக் கிளையா? அந்தக் கிளைதான் இந்தப் படிப்பில் என்னை அசைக்கும் ஒரே விஷயம்.

ஒரு வேடிக்கை: லோக்கியைச் சிறகோடு காட்டியதற்குச் சமாதானம் சொல்ல ஸ்னோரியிலிருந்து கதை எடுக்கிறார்கள், ஃப்ரெயா தேவியின் பறவைச் சட்டையை லோக்கி இரவல் வாங்கியது. இரவல் சட்டை வாங்கியவன் அதைப் பால்டர் சாவுக்குப் போட்டுக்கொண்டு போனதாக எந்தக் கதையிலும் இல்லை.

25 பெப்ரவரி

மறுபடி விண்டெலெவ். நடுவில் ஒருவர் "ஒடினின் ஆள் என்று எழுதியவன் ஒடின் படத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கலாமே" என்று கேட்டிருந்தார். நல்ல அடி. பதக்கத்துச் சொந்தக்காரன் தன்னைப் பற்றி எழுதியிருக்கலாம், படம் அவன் வணங்கும் ஒடினாக இருக்கலாம். இலக்கணப்படி அதைத் தடுக்க முடியாது.

என்றாலும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை உண்டு. அதே வரியில் யாகஸ் என்பதுபோல் ஒரு பெயரும் வருகிறது, ஒரு தலைவனின் பெயராக இருக்கலாம் என்பது படித்தவர்களின் எண்ணம். டென்மார்க்கின் சேலண்ட் தீவில் கிடைத்த இன்னொரு சி பதக்கத்தில் எழுத்து தன்மையில் பேசுகிறது: "ஹரியூஹா என் பெயர், ஆபத்தறிந்தவன், நான் நலம் தருகிறேன்." அதை ஒடினின் புனைபெயர் என்றும் சொல்கிறார்கள், நலம் தருவதைத் தொழிலாகக் கொண்ட ஒரு மனிதனின் பெயர் என்றும் சொல்கிறார்கள். அங்கேயே ஃபூன் தீவுப் பதக்கம் ஒன்றில் "உயர்ந்தவன்" என்று பொருள்படும் சொல் இருக்கிறது, பிற்கால இலக்கியத்தில் அது ஒடினுக்குப் பெயர். ஒடின் தரப்பின் கையில் உள்ள நல்ல சீட்டு இது. மறைக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் எந்த அரசனும் தன்னை உயர்ந்தவன் என்று எழுதிக்கொள்ளக் கூச்சப்படுவதில்லை.

எனக்கு இதைவிடக் கனமாகத் தெரிவது, விண்டெலெவில் இந்தப் பதக்கங்களோடு ரோமத் தங்கக் காசுகளும் நகையாக்கிக் கிடந்தன என்பது. அவற்றில் ஒன்றில் கொன்ஸ்டன்டைன் முகம். மூலமும் நகலும் ஒரே குழியில். பேரரசர் முகம் என்றால் என்ன என்று தெரிந்த வீடு அது. அந்த வீட்டுத் தலைவன் அடுத்த பதக்கத்தில் யார் முகத்தை வெட்டச் சொல்லியிருப்பான்? அதிகாரத்தைக் காட்ட ரோமன் தன் முகத்தைக் காசில் போடுகிறான், இவன் தன் முகத்தைப் பதக்கத்தில் போட்டு, ரோமனிடம் இல்லாத ஒன்றை எழுத்தில் சேர்க்கிறான்: நான் ஒடினின் ஆள்.

ஒரு அரசன் முகத்தைக் கடவுள் முகம்போல் வெட்டுவது இரண்டுக்கும் நடுவே கோடு போட விரும்பாதவன் செய்யும் வேலை. ஆகவே "ஒடினா, மனிதனா" என்று நாம் கேட்பதே அவனுக்குப் பிடிக்காத கேள்வியாக இருந்திருக்கும். இருந்தாலும் கேட்பேன்.

26 பெப்ரவரி

அருங்காட்சியகம் ஒன்றில் வழிகாட்டி "இது ஒடின், இது அவர் குதிரை ஸ்லைப்னிர்" என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போனதைக் கேட்டேன். ஸ்லைப்னிருக்கு எட்டுக் கால். பதக்கத்துக் குதிரைக்கு நாலு. ஒரு பிள்ளை எண்ணிப் பார்த்துவிட்டு மற்றதெல்லாம் எங்கே என்று கேட்டது. வழிகாட்டி அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நடந்துவிட்டார்.

2 மார்ச்

ஏன் புதைத்தார்கள் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. 536இல் எரிமலைத் தூசி வானத்தை மூடி, கோடையே இல்லாமல் போன வருடங்கள் வந்தன. மரவளையங்களில் அது பதிந்திருக்கிறது. டேனிஷ் ஆய்வாளர் மோர்டென் ஆக்ஸ்போ சொன்னது: சூரியனைத் திரும்பக் கேட்டு வீட்டிலிருந்த தங்கத்தையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். விண்டெலெவ் தங்கமும் ஒரு நீளவீட்டுக்குள் புதைத்தது, கிட்டத்தட்ட 800 கிராம். எல்லாக் குவியலும் அந்த ஒரே காரணத்துக்குப் புதைந்தது என்று கொள்ளத் தேவையில்லை. ஆனால் அந்த நூற்றாண்டின் நடுவோடு பதக்கம் அடிப்பது ஓய்ந்துவிடுகிறது. ஸ்வீடனின் கோட்லண்ட் தீவு மட்டும் தன் பாட்டில் வேறு வகையில் அடித்துக்கொண்டிருந்தது.

பட்டினி வந்ததும் முகம் பதித்த தங்கத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்றால், அது கடவுளிடம் திருப்பிக் கொடுத்ததா, கைவிட்ட அரசனைக் கழற்றிப் போட்டதா? சும்மா யோசனைதான், இதை வைத்து யாரும் கட்டுரை எழுத வேண்டாம்.

3 மார்ச்

இழை எங்கேயோ போய்விட்டது, ஆனால் கேட்டதால் சொல்கிறேன். ஆமாம், திருட்டுப்போன பதக்கமும் உண்டு. ஸ்வீடனின் வாட்ஸ்டேனாவில் 1774இல் கிடைத்தது, ரூனிக் நெடுங்கணக்கு முழுவதும் வரிசையாக எழுதியது. 1938இல் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்திலிருந்து களவு போனது, இன்றுவரை அகப்படவில்லை. நல்லகாலம், அதே அச்சில் வந்த இன்னொன்று பக்கத்தில் மோட்டாலாவில் 1906இல் கிடைத்திருந்தது. டென்மார்க்கின் கல்லெஹூஸ் தங்கக் கொம்புகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1802இல் திருடியவன் பொற்கொல்லன், உருக்கிவிட்டான். தொழில் தெரிந்தவன் திருடினால் மிச்சம் வைக்கமாட்டான்.

9 மார்ச்

தொடக்கக் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "சரி, முகம் அரசனோ ஒடினோ, பதக்கத்தின் சக்தி முகத்தில்தானே" என்கிறார். அதற்கு டி வகையைப் பாருங்கள். சி-க்கு அடுத்தபடி நிறையக் கிடைப்பது அதுதான், காலத்தில் பிந்தியதும் அதுதான். அதில் முகமே இல்லை. அலகுள்ள மிருகம் ஒன்று தன் கால்களைத் தானே பின்னிக்கொண்டு வளைந்து கிடக்கும். சிலவற்றில் அதன் பக்கத்தில் தனியாக ஒரு மனிதக் காதோ பாதமோ இருக்கும். கென்ட் பெண்கள் கழுத்தில் அதிகம் வருவதும் இந்த வகைதான்.

ஒடின் ஊதிக் குணமாக்கும் படம்தான் காப்பு என்றால், ஊதுகிறவரையே எடுத்துவிட்டு எப்படிக் காப்பு நீடித்தது? அரசன் முகம்தான் காப்பு என்றாலும் அதே இடி. மிருகம் தீமை, அது கட்டுண்டு கிடக்கிறது, அதுவே காப்பு என்பது ஒரு பதில். அந்தப் பதிலை ஏற்றால் சி வகையிலும் தலையை விட்டுவிட்டு மிருகத்திலிருந்து தொடங்க வேண்டும், மடங்கிய கால் காயமா கட்டா என்று. ஹௌக் தரப்பு நண்பர் இதற்குப் பதில் எழுதட்டும். எனக்கு இந்த வாரம் இரவு வேலை, வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன்.